காலேஜ் கூடைப்பந்து அணியை எடைபோடுவது எப்படி? சேலம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிகள் தனி. சீசன் தொடங்கினால் போதும், கேப்டன்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பி.டி. சார்கள், கேலரியில் உட்காரும் அப்பாக்கள் என்று ஆளாளுக்கு ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் மேட்ச் முடிந்து தட்டுவடை செட் கடை முன்னால் நின்றுகொண்டுதான். அங்கே பாதிதான் பதில் சொல்ல முடியும். மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் நல்ல அணி என்று ஸ்கோரே சொல்லிவிடுகிறதே, தனியாக எதற்கு ஆராய்ச்சி?

யார் ஜெயித்தார்கள் என்று ஸ்கோர் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஓடி ஓடி ஆடும் ஓர் அணி 85 புள்ளி எடுத்து 80 விட்டுக்கொடுக்கிறது என்று வையுங்கள். நிதானமாக ஆடும் இன்னோர் அணி 55 எடுத்து 50 விடுகிறது. கேலரியில் என்ன பேச்சு வரும்? முதல் அணிக்கு அட்டாக் பிரமாதம், டிஃபென்ஸ் ஓட்டை. இரண்டாவது அணிக்கு டிஃபென்ஸ் இரும்பு, அட்டாக் மந்தம்.

இப்போது முதல் அணி ஆடிய மேட்சில் இரு தரப்புக்கும் தலா 90 தடவையும், இரண்டாவது அணி ஆடியதில் தலா 55 தடவையும் பந்து கிடைத்தது என்று தெரிந்தால்? முதல் அணி ஒரு தடவைக்கு 0.94 புள்ளி எடுத்து 0.89 விட்டிருக்கிறது. இரண்டாவது அணி சரியாக 1 புள்ளி எடுத்து 0.91 விட்டிருக்கிறது. அதாவது அட்டாக்கில் நிதானமான அணிதான் மேல். டிஃபென்ஸில் 'ஓட்டை' அணிதான் ஒரு மயிரிழை மேல். கேலரிப் பேச்சு அப்படியே தலைகீழ்.

இந்த 'ஒரு தடவை'யைத்தான் பொசெஷன் என்கிறோம். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணி கைக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். ஷாட் தவறித் திரும்பி வரும் பந்தை (ரீபவுண்ட்) நம் ஆளே எடுத்தால் அதே பொசெஷன் தொடர்கிறது. இப்படி நம் ஷாட் தவறி நாமே எடுப்பதுதான் ஆஃபென்ஸ் ரீபவுண்ட். அணியை எடைபோடும் வேலை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது: ஒவ்வொரு பொசெஷனிலும் என்ன மாதிரி ஷாட் கிடைத்தது, எதிரணிக்கு என்ன மாதிரி ஷாட் கொடுத்தோம். ஆடிய செட்டுக்கு (முன்கூட்டியே பழகிய நகர்வுத் திட்டம்) என்ன பெயர் என்பதெல்லாம் அப்புறம்.

பொசெஷனை உட்கார்ந்து எண்ண வேண்டுமா?

எண்ணினால் நல்லது. இல்லையென்றால் ஸ்கோர் ஷீட்டோடு ரீபவுண்டும் டர்ன் ஓவரும் (ஷாட் எடுக்காமலே பந்தைப் பறிகொடுப்பது) குறித்த ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எடுத்த ஷாட்களிலிருந்து ஆஃபென்ஸ் ரீபவுண்டைக் கழியுங்கள், டர்ன் ஓவரைக் கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையில் 0.44 பங்கைக் கூட்டுங்கள். எல்லா ஃப்ரீ த்ரோவும் ஒரு பொசெஷனை முடித்து வைப்பதில்லை. இரண்டு ஷாட்டுக்கு ஒரு பொசெஷன், கூடை விழுந்த பிறகு வரும் ஒற்றை ஷாட்டுக்கு எதுவும் இல்லை. அதையெல்லாம் சராசரியாகப் பார்த்து வந்த எண் இது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு 0.475 என்று வைப்பவர்களும் உண்டு. நம் தேவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்குக்காக ஒரு மேட்சைக் கற்பனை செய்வோம். நம் அணி 60 ஷாட் எடுத்து 24 போட்டது, அதில் 4 த்ரீ பாயிண்ட். ஃப்ரீ த்ரோ 15-க்கு 9. ஆஃபென்ஸ் ரீபவுண்ட் 12, டர்ன் ஓவர் 18. மொத்தம் 61 புள்ளி. எதிரணி 66. ஐந்து புள்ளியில் தோல்வி. இடைவேளையிலும் கடைசியிலும் கோச் கத்தியது, "ஷூட்டிங் சரியில்லடா, ரிங்கையே பார்க்க மாட்டேங்கிறீங்க!"

பொசெஷன்: 60 கழித்தல் 12, கூட்டல் 18, கூட்டல் 6.6. ஏறக்குறைய 73. அதில் 18 தடவை ஷாட்டே எடுக்காமல் பந்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். மீதி ஏறக்குறைய 55 பொசெஷனில்தான் 61 புள்ளியும் வந்தது. ஒன்றுக்கு 1.1. பந்தை இழக்காதபோதெல்லாம் நம் அட்டாக் நன்றாகவே இருந்திருக்கிறது. அந்த 18-ஐ 12 ஆக்கியிருந்தால், ஷூட்டிங் இம்மியும் மாறாமல், கூடுதலாக ஆறேழு புள்ளி. மேட்ச் நம் பக்கம். அடுத்த வாரம் முழுக்க ஷூட்டிங் டிரில் போடுவதா, பிரஷரில் பாஸ் கொடுக்கும் டிரில் போடுவதா என்பதை இந்தக் கணக்கு முடிவு செய்துவிடுகிறது.

எந்தெந்த எண்களைப் பார்க்க வேண்டும்? ஏகப்பட்டது சொல்கிறார்களே.

நான்கு போதும். டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவரக்காரர் வகுத்தவை இவை: ஷூட்டிங், டர்ன் ஓவர், ஆஃபென்ஸ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ லைனுக்குப் போவது. இவற்றுக்கு அவர் ஏறக்குறைய 40, 25, 20, 15 சதவீதம் என்று எடை கொடுத்தார். ஷூட்டிங்கில் த்ரீ பாயிண்டுக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு கொடுத்துக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன மேட்சில் 24 கூடையோடு த்ரீக்காக 2 கூட்டினால் 26. அதை 60-ஆல் வகுத்தால் 43 சதவீதம்.

இந்த நான்கையும் எதிரணிக்கும் போட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் டிஃபென்ஸின் மதிப்பெண் பட்டியல்.

ஆலிவரின் வரிசை தொழில்முறை ஆட்டத்துக்குச் சரி. நம் மாவட்டக் கல்லூரி ஆட்டங்களில் நான் டர்ன் ஓவரைத்தான் முதலில் பார்ப்பேன். சிமெண்ட் தரை, காற்று, சாயங்கால வெளிச்சம் என்று ஷூட்டிங் எல்லா அணிக்கும் ஒரே மாதிரிதான் அடிவாங்குகிறது. பந்தை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அணிக்கு அணி பெரிய வித்தியாசம் தெரிகிறது.

அட்டாக்கைப் பார்க்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும்?

பந்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும். பந்தை வைத்திருப்பவன் செய்வதை ஊரே பார்க்கிறது. அவனுக்கு வழி திறந்தது ஏன், அடைபட்டது ஏன் என்பதற்குப் பதில் மற்ற நான்கு பேரிடம் இருக்கிறது.

பிக் அண்ட் ரோலையே எடுத்துக்கொள்வோம். பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன்) மேலே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். சென்டர் (ரிங் பக்கம் ஆடும் உயரக்காரன்) ஓடி வந்து ஸ்கிரீன் போடுகிறான், அதாவது கார்டைக் காப்பவனின் வழியில் தூண் மாதிரி நிற்கிறான். முதலில் சென்டரின் காலைப் பாருங்கள். ஊன்றி நின்றானா, நகர்ந்துகொண்டே இடித்தானா? அடுத்து, கார்டின் தோள் சென்டரின் இடுப்பை உரசிக்கொண்டு போகிறதா? இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் அது ஸ்கிரீனே இல்லை. பிறகு சென்டர் திரும்பி ரிங்கை நோக்கி ஓடுகிறானா, நின்று வேடிக்கை பார்க்கிறானா?

கடைசியாக, எதிர்ப்பக்கக் கார்னரில் நிற்பவன். அவன் கார்னரை விட்டு அசையாமல் இருந்தால், அவனைக் காக்கும் டிஃபெண்டர் மாட்டிக்கொள்வான். உள்ளே வந்து சென்டரை அடைத்தால் கார்னர் காலி. கார்னரைப் பிடித்துக்கொண்டால் சென்டருக்கு லே-அப், ரிங்கை ஒட்டி எளிதாகப் போடும் கூடை. ஆனால் கார்னர்காரன் ஆசைப்பட்டுப் பந்தை நோக்கி நாலு அடி உள்ளே வந்துவிட்டால் போச்சு. டிஃபெண்டர் ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வான். நம் பக்கத்து அணிகளின் பிக் அண்ட் ரோல் பெரும்பாலும் இந்தக் கார்னரில்தான் செத்துப்போகிறது. திட்டு வாங்குவது மட்டும் பாயிண்ட் கார்டு.

கடிகாரத்தையும் பாருங்கள். சர்வதேச விதிப்படி ஷாட் எடுக்க 24 விநாடி, அதற்குள் நடுக்கோட்டைத் தாண்ட 8 விநாடி, ஆஃபென்ஸ் ரீபவுண்ட் எடுத்தால் புதிதாக 14 விநாடி. ஓர் அணி உண்மையில் எந்த விநாடியில் விளையாட ஆரம்பிக்கிறது? பந்தை மேலே கொண்டுவந்து மூன்று பேர் சும்மா மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, 10 விநாடி மிச்சமிருக்கும்போது முதல் ஸ்கிரீன் வந்தால், அந்த அணிக்கு இருப்பது 24 விநாடி ஆட்டம் இல்லை, 10 விநாடி ஆட்டம். முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழிக்கு நேரமே கிடையாது.

எங்கள் அணியில் ஒரு பையன் மட்டும் மேட்சுக்கு 30 புள்ளி போடுகிறான். நல்ல அட்டாக்தானே?

அந்த 30-ஐ எடுக்க அவனுக்கு எத்தனை ஷாட் ஆனது என்று பாருங்கள். 20 என்றால் கொண்டாடுங்கள். 35 என்றால் கூட இருக்கும் நான்கு பேரும் டிக்கெட் வாங்காத ரசிகர்கள். அவனை இரண்டு பேர் சேர்ந்து மறிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் தனியாகக் குறியுங்கள். உங்கள் அட்டாக்கின் உண்மையான தரம் அந்தப் பொசெஷன்களில் தெரியும். நாக் அவுட்டில் நல்ல கோச் எவரும் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவன் மேல் இரண்டு பேரை ஏவிவிடுவார்.

மேன் டு மேன், ஸோன்: எது நல்லது?

அதிகமாக வரும் கேள்வி. இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். மேன் டு மேனில் ஆளுக்கு ஓர் எதிராளியைக் காப்பார்கள், ஸோனில் ஆளுக்கு ஓர் இடத்தை. இரண்டுமே எதிரணிக்கு ஏதோ ஒரு ஷாட்டை விட்டுக்கொடுத்துத்தான் ஆகும். விட்டுக்கொடுக்க விரும்பிய ஷாட்டைத்தான் கொடுத்தார்களா என்று பார்ப்பதே டிஃபென்ஸை எடைபோடுவது.

2-3 ஸோனில் மேலே இரண்டு பேர், கீழே மூன்று பேர். ரிங் பக்கம் கூட்டம், வெளியே காற்றோட்டம். "அடிக்கிறதானா தூரத்துல இருந்து அடிச்சுக்கோ" என்கிற பேரம் இது. த்ரீ பாயிண்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. திறந்தவெளி மைதானத்தில், காற்று குறுக்கே வீசும் சாயங்காலத்தில், அது பெரும்பாலான கல்லூரி அணிகளுக்கு நஷ்ட பேரம். அதனால் நம் பக்கம் ஸோன் நன்றாகவே எடுபடுகிறது. இன்னொன்று, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் டிஃபெண்டர் யாரையும் காக்காமல் ரிங் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. சர்வதேச விதியில் அந்தத் தடை இல்லை. உயரமான பையன் ஒருவன் கிடைத்தால் நாள் பூராவும் அங்கேயே நிறுத்திவைக்கலாம்.

ஸோன் உடையும் இடங்கள் மூன்று. ஒன்று, ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுப்பகுதி. அங்கே ஒருவன் பந்தை வாங்கித் திரும்பிவிட்டால், மேலே இருக்கும் இருவருக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். கீழே நடுவில் இருப்பவன் முன்னே வந்தால் ரிங் காலி. இரண்டு, கார்னர். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ரீபவுண்ட். ஸோனில் யாருக்கும் சொந்தமாக ஓர் ஆள் இல்லை. ஷாட் போனதும் யாரைப் பாக்ஸ் அவுட் செய்வது (முதுகால் மறித்து ரிங்கிலிருந்து தள்ளி வைப்பது) என்று தெரியாமல் ஐந்து பேரும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே ஸோன் ஆடும் அணியின் நோட்டில் நான் முதலில் தேடும் எண், எதிரணி எடுத்த ஆஃபென்ஸ் ரீபவுண்ட்.

மேன் டு மேனில் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். பந்து வலப்பக்கம் இருக்கும்போது இடப்பக்க டிஃபெண்டரைப் பாருங்கள். தன் ஆளை ஒட்டிக்கொண்டு நிற்கிறானா, ரிங்குக்கு நேராக நடுவே வந்து ஒரு கண் பந்திலும் ஒரு கண் தன் ஆளிலும் வைத்திருக்கிறானா? பந்து ஒரு பாஸில் இந்தப் பக்கம் வரும்போது, பந்து காற்றில் இருக்கையிலேயே அவன் கிளம்புகிறானா, எதிராளி கையில் விழுந்த பிறகு கிளம்புகிறானா? அந்த அரை விநாடியில்தான் நல்ல டிஃபென்ஸும் சுமார் டிஃபென்ஸும் பிரிகின்றன. ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தட்டிவிடுவது) எண்ணிக்கையை நம்பி டிஃபெண்டரைப் பாராட்டாதீர்கள். ஸ்டீலுக்குப் பாய்ந்து பாய்ந்து இரண்டு எடுத்து எட்டு லே-அப் விட்ட பையன்களுக்கு 'சிறந்த வீரர்' கோப்பை கொடுத்த டோர்னமெண்டுகள் உண்டு.

யூடியூபில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் பார்க்கிறோம். அதை அப்படியே எடுத்து ஆடலாமா?

பாருங்கள், ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு பாருங்கள். அங்கே ஷாட் கிளாக் 30 விநாடி. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நமக்கு 10 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி. ஆறு விநாடி கூடுதலாக இருந்தால் இன்னும் ஒரு ஸ்கிரீன், இன்னும் இரண்டு பாஸ். அவர்கள் பொறுமையாக ஆடும் செட்டை இங்கே போட்டால் மணி அடித்துவிடும். நம் மைதானங்கள் பலவற்றில் ஷாட் கிளாக்கே இல்லாமல் மேட்ச் நடப்பது வேறு கதை. அங்கே அட்டாக்கின் வேகத்தை எடைபோட வேண்டுமானால் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச் வேண்டும்.

டிஃபென்ஸ் கற்க வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பழைய ஆட்டங்கள் நல்ல பாடம். அப்போது கோச் டோனி பென்னட். அவருடைய அப்பா டிக் பென்னட் உருவாக்கிய 'பேக் லைன்' முறை: பந்தை வைத்திருப்பவன் மேல் ஒருவன் மட்டும் அழுத்துவான், மற்ற நால்வரும் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு உள்ளே சுருங்கி நின்று வழியை அடைப்பார்கள். ஸோன் பார்க்க வேண்டுமா? ஜிம் போஹைமின் சிரக்யூஸ் அணி 2003-இல் 2-3 ஸோனை வைத்தே சாம்பியன் ஆனது. அவர்களுடைய கீழ் வரிசையில் நீண்ட கைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கவனித்துவிட்டு, உங்கள் பையன்களின் கை நீளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுல் கோர்ட் பிரஸ் போடுகிறோம். ஸ்டீல் நிறைய வருகிறது. சரிதானே?

எதிரணியை அவர்கள் பாதியிலிருந்தே மறித்து அழுத்துவதுதான் பிரஸ். அதன் வரவை மட்டும் எழுதாதீர்கள், செலவையும் எழுதுங்கள். நோட்டில் இரண்டு வரிசை: பிரஸ்ஸால் கிடைத்த புள்ளி, பிரஸ் உடைந்து எதிரணிக்குப் போன புள்ளி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: எதிரணி 8 விநாடியின் கடைசியில் திக்கித் திணறி மேலே வந்து, செட் போட நேரமில்லாமல் மோசமான ஷாட் எடுத்த தடவைகள். ஸ்டீல் இல்லாமலே பிரஸ் செய்யும் லாபம் இது. யுசிஎல்ஏ என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கோச் ஜான் வுடன் 1964-இல் பெரிய உயரக்காரர்கள் இல்லாத அணியை வைத்து 2-2-1 பிரஸ்ஸோடு பட்டம் வென்றார். எதிரணியை அவசரப்படுத்துவதும் அந்தப் பிரஸ்ஸின் முக்கியமான வேலை.

சேலத்து வெயிலை மறக்காதீர்கள். காலையில் ஒரு மேட்ச், சாயங்காலம் ஒரு மேட்ச் என்று வைக்கும் டோர்னமெண்டில் ஏழு பேரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் பிரஸ் போட்டால் செமி ஃபைனலில் கால் வராது. நான்காவது கால் பகுதியின் எண்களை எப்போதும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

நான் பெண்கள் அணி கேப்டன். எங்களிடம் உயரமே இல்லை. என்ன டிஃபென்ஸ் சரிவரும்?

உயரமான சென்டருக்குப் பின்னால் நின்று காப்பது வீண், ம்மா. தலைக்கு மேல் போட்டுவிடுவாள். அவளுக்கு முன்னால் நில்லுங்கள், பந்தே போகவிடாமல். தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி ஓடி வர வேண்டும். அவள் நேரத்துக்கு வந்தாளா என்பதே உங்கள் திட்டம் வேலை செய்ததா என்பதற்கான அளவு. பாக்ஸ் அவுட்டில் பந்தை எடுப்பது இரண்டாவது வேலை. அந்த உயரக்காரியை ரிங்கிலிருந்து தள்ளி வைத்தாலே பாதி வெற்றி. பந்து கீழே விழுந்து தட்டினால் உங்கள் கார்டு எடுத்துக்கொண்டு ஓடட்டும். அவள் திரும்பி ஓடி வருவதற்குள் மறுமுனையில் ஐந்துக்கு நான்கு கிடைக்கும்.

ஃபவுலையும் எண்ணுங்கள். ஒரு கால் பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. குள்ளமான அணிகள் பின்னாலிருந்து கையைப் போட்டுத் தோற்பது அதிகம்.

ஏற்காட்டில் ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆடினோம். எங்கள் அட்டாக் மொத்தமாகச் சொதப்பியது. அதைக் கணக்கில் எடுக்கலாமா?

பனிமூட்டம் இருந்ததா என்று முதலில் சொல்லுங்கள். பனியில் சிமெண்ட் தரை நனைந்திருக்கும், பந்தும் பிசுபிசுவென்று வழுக்கும். வெட்டித் திரும்பும் ஆட்டம், ஒற்றைக் கைப் பாஸ், வேகமான டிரிப்ளிங் எல்லாம் அங்கே டர்ன் ஓவர்தான். ஷூட்டிங் எண்ணை அடித்துவிட்டு, ரீபவுண்டுக்கான இட நிலை, பேச்சு, ஹெல்ப் (கூட்டாளியின் ஆள் தப்பினால் ஓடிப்போய் மறிப்பது) மட்டும் பாருங்கள். அவை பனியால் மாறாது. இருபது ஹேர்பின் வளைவு ஏறி வந்து வேனை விட்டு இறங்கியதும் ஆடவிட்டால், முதல் கால் பகுதியில் பையன்களுக்கு ரிங்கே இரண்டாகத் தெரியும். அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மேட்ச் பார்த்தால் ஓர் அணியைப் பற்றிச் சொல்லலாம்?

முடிவை வைத்துச் சொல்வதானால் நிறைய வேண்டும். 2018-இல் வர்ஜீனியா, அமெரிக்கக் கல்லூரி சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் பிரிவில் 16-ஆம் தர வரிசை அணியிடம் தோற்ற முதல் நம்பர் 1 அணி ஆனது. யுஎம்பிசி என்ற அந்த அணியிடம் 74-54. பேக் லைன் டிஃபென்ஸ் முறையே பெரிய போட்டிக்கு உதவாது என்று பலர் எழுதித் தள்ளினார்கள். அடுத்த ஆண்டே அதே முறையோடு அதே கோச் பட்டம் வென்றார். ஓவர் டைமில் டெக்சாஸ் டெக்கை 85-77 என்று தோற்கடித்து.

நம் டோர்னமெண்டுகள் நாக் அவுட். ஓர் அணியை ஒரே ஒரு மேட்ச்தான் பார்க்கக் கிடைக்கும். அதனால் விழுந்த பந்து, விழாத பந்தைவிட, எடுத்த ஷாட்டின் தரத்தைக் குறியுங்கள்: யாரும் மறிக்காத ஷாட்டா, முகத்துக்கு நேரே கை இருந்த ஷாட்டா, ரிங்கிலிருந்து எவ்வளவு தூரம். ஷாட் விழுவதில் ஒரு நாள் அதிர்ஷ்டம் விளையாடும். நல்ல ஷாட் கிடைப்பதில் அவ்வளவாக விளையாடாது.

இதையெல்லாம் எழுதி எங்கள் கோச்சிடம் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரே?

தோற்ற அன்று சாயங்காலம் கொடுத்தால் கோபிப்பார்தான். இரண்டு நாள் பொறுங்கள். ஒரே பக்கம், மூன்றே விஷயம், ஒவ்வொன்றுக்கும் வீடியோவில் நிமிடமும் விநாடியும். "சார், ஹெல்ப் சரியில்ல" என்று எழுதாதீர்கள். "மூணாவது குவார்ட்டர்ல நாலு தடவை பேஸ்லைன் வழியா வந்திருக்காங்க சார், நாலும் லே-அப்" என்று சொல்லிப் பாருங்கள். அவரே போனை வாங்கிப் பார்ப்பார். வீடியோவைக் கோர்ட்டின் நடுக்கோட்டுப் பக்கம், முடிந்தவரை உயரத்திலிருந்து எடுங்கள். கேலரியின் மேல்படி, பக்கத்துக் கட்டடத்தின் மாடி, எதுவானாலும் சரி. பத்துப் பேரும் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டும். பந்தின் பின்னாலேயே ஜூம் செய்து எடுத்த வீடியோ ஸ்டேட்டஸ் வைக்கத்தான் உதவும்.

பையன்களுக்கு அந்த ஒரு பக்கமும் வேண்டாம். வாட்ஸப் குரூப்பில் ஆளுக்கு ஒரு 20 விநாடி கிளிப், அதில் ஒன்றாவது அவர்கள் நன்றாக ஆடியதாக இருக்கட்டும்.